ஒரே மூச்சில் கூப்பிட்ட பெயர்

விலங்குகளும் பறவைகளும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில், வடகடலின் ஓரமாக ஒரு தாழ்ந்த நாடு கிடந்தது. இன்று ஒல்லாந்து என்று நாம் சொல்கிற நாடுதான். அப்போது அதற்குப் பெயரும் கிடையாது, சரியான கரையும் கிடையாது. கடல் நினைத்த நேரத்தில் உள்ளே வரும், நினைத்த நேரத்தில் வெளியே போகும். வரும்போது புல்தரை, பாதை எல்லாம் தண்ணீர். போகும்போது கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. அங்கே குடியிருந்தவர்கள் களிமண்ணையும் சாணத்தையும் கூடை கூடையாகக் கொட்டி மேடு எழுப்பி, அதன்மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். மேட்டுக்கு ஒரு வீடு. தண்ணீர் ஏறிவிட்டால் ஒவ்வொரு வீடும் தனித் தீவு.

அவர்கள் பேசுகிற விதம் வேறு மாதிரி இருந்தது. ஒரு சொல்லைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்வார்கள். அது எதிரில் இருப்பவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த சொல். எல்லாச் சொல்லுக்கும் ஒரே அளவு குரல். ஒன்றை உரக்கவும் இன்னொன்றை மெல்லவும் சொல்வது மரியாதைக் குறைவு. இரண்டு சொல்லை ஒரே மூச்சில் சொன்னால் குழந்தையாக இருந்தாலும் முதுகில் ஓர் அடி விழும். அவர்கள் பேசியதை இங்கே நான் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர்களைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னால் இந்தக் கதை முடியாது.

அந்த மேடுகளில் கடலுக்கு மிகப் பக்கத்தில் இருந்த மேட்டில் ஃபென்னா என்ற பெண் தனியாக இருந்தாள். கல்யாணமாகி உள்நாட்டிலிருந்து வந்தவள். வந்த சில வருஷங்களில் சதுப்புக் காய்ச்சல் பரவியது. முதலில் மாமியார் போனாள். அவளுக்கு ஈமக்காரியம் முடிவதற்குள் புருஷனும் போனான். பிறந்த வீட்டார் வந்து கூப்பிட்டார்கள். "அங்கே யார் இருக்கிறார்கள் உனக்கு?" என்றார்கள். ஆடுகள் இருக்கின்றன என்றாள் ஃபென்னா. உண்மையில் அவளுக்கு அங்கிருந்து கிளம்பத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை ஆயிற்று. தண்ணீர் வழக்கத்துக்கு மேல் ஏறினால் "ஸே!" என்று கத்துவாள். ஸே என்றால் அவர்கள் மொழியில் கடல். ஆடுகளைக் கடிக்கும் காட்டு நாய்கள் சேற்றைத் தாண்டி வருவதைக் கண்டால் "ஹொண்ட்!" என்று கத்துவாள். ஹொண்ட் என்றால் நாய். அவள் குரல் அடுத்த மேடு வரைக்கும்தான் எட்டும். அந்த மேட்டில் இருந்த ஓக்கோ என்பவன் அதைக் கேட்டு, உள்நாட்டுப் பக்கம் திரும்பி, மறுபடி கத்திச் சொல்வான். அதற்காக இருவருக்கும் ஊரார் வாற்கோதுமையும் அடுப்பெரிக்கக் கரிமண்ணும் அனுப்பிவைத்தார்கள்.

ஓக்கோவும் தனி ஆள்தான். ஒரு பெருவெள்ளத்தின்போது அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனாள். தண்ணீர் வடிந்ததும் வருகிறேன் என்றாள். தண்ணீர் வடிந்து எத்தனையோ முறை மறுபடி ஏறிவிட்டது. அவள் வரவில்லை.

இரண்டு மேடுகளுக்கும் நடுவில் ஓர் ஓடை. அகலம் அதிகமில்லை, ஆனால் இழுப்பு பயங்கரம். தண்ணீர் வற்றினாலும் இடுப்பளவு சேறு. அதனால் ஃபென்னாவும் ஓக்கோவும் ஒருவரையொருவர் பக்கத்தில் பார்த்ததே இல்லை. அவளுக்கு அவன் ஒரு குரல். அவனுக்கு அவளும் அப்படித்தான். பொழுது சாயும்போது அவள் அவன் பெயரைச் சொல்வாள். அவன் அவள் பெயரைச் சொல்வான். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம். வேறு பேச்சு கிடையாது.

ஒரு வசந்தத்தில், ஃபென்னா மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து ஆட்டுப்பால் கறந்துகொண்டிருந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. வட்டமான தலை, ஈர மீசை, பெரிய கறுப்புக் கண்கள். அது குரைத்தது.

"போ நாயே!" என்று மண்கட்டியை எடுத்தாள்.

"என்னை என்னவென்று சொன்னாய்?" என்று அது கேட்டது.

"நாய் என்று சொன்னேன்."

"நான் நாயா?"

"மூஞ்சி நாய் மூஞ்சி. மீசை நாய் மீசை. குரைக்கவும் செய்கிறாய். பிறகு என்ன?"

"நாய்களிடம் போனேன். கடிக்க வந்தன. காலைக் காட்டு என்றன. எனக்கு ஏது கால்? மீன்களிடம் போனேன். என்னைக் கண்டதும் ஓடிப்போகின்றன."

"நீதான் அவற்றைத் தின்கிறாயே."

"அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்" என்று அது ஒப்புக்கொண்டது. பிறகு, "எல்லாருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு இல்லை. பெயர் இல்லாததை யாரும் கூப்பிடுவதில்லை" என்றது.

ஃபென்னா மண்கட்டியைக் கீழே போட்டாள். யாரும் கூப்பிடாமல் இருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஸே" என்றாள். வாயை மூடினாள். அது போய்ச் சேரும்வரை காத்திருந்தாள். பிறகு, "ஹொண்ட்" என்றாள்.

"முதலில் கடல் என்கிறாய், அப்புறம் நாய் என்கிறாய். இதில் நான் எது?"

"பின்னால் வருவதுதான் நீ. நீ நாய். அதில் சந்தேகமே இல்லை. முன்னால் வருவது எந்த நாய் என்று சொல்கிறது. கடலில் இருக்கிற நாய்."

அது தண்ணீருக்குள் ஒரு முறை முழுக்கப் புரண்டு எழுந்தது. சந்தோஷம் வந்தால் அது அப்படித்தான் செய்யும் என்று ஃபென்னா பின்னால் தெரிந்துகொண்டாள்.

அன்றையிலிருந்து கடல்நாய் அவள் மேட்டுக்கு வரத் தொடங்கியது. சில நாள் ஒரு மீனைக் கொண்டுவந்து போடும். பெரும்பாலும் சும்மா வந்து படுத்திருக்கும். அவள் கம்பளி நூற்கும்போது கடலடியில் பார்த்ததையெல்லாம் சொல்லும். முழுகிப்போன மேடுகள், அவற்றின்மேல் இன்னும் நிற்கிற அடுப்புக் கற்கள். அவள் செத்துப்போனவர்களைப் பற்றிச் சொல்வாள். புருஷனுக்குத் தும்மல் வந்தால் தொடர்ந்து வரும், மாமியார் அதற்காகவே அவனைத் திட்டுவாள் என்று சொல்லும்போது ஒரு முறை அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் மறுபடி சதுப்புக் காய்ச்சல் கிளம்பியது.

ஒரு நாள் மாலை ஃபென்னா ஓக்கோவின் பெயரைச் சொன்னாள். பதில் வரவில்லை. மறுபடி சொன்னாள். வெகு நேரம் கழித்து அவள் பெயர் வந்தது. நடுங்கிக்கொண்டு, பாதியில் உடைந்து வந்தது. அந்த நடுக்கம் அவளுக்குத் தெரிந்ததுதான். அவள் வீட்டில் கேட்ட நடுக்கம்.

காலையில் அடர்ந்த மூடுபனி. ஃபென்னா கூரையில் காய வைத்திருந்த மரப்பட்டையை எடுத்தாள். காய்ச்சலுக்கு அதைக் காய்ச்சிக் குடிப்பார்கள். உள்நாட்டு ஆற்றோரத்தில் மட்டும் வளரும் மரம். அவள் புருஷன் படுத்திருந்தபோது அவளிடம் அது இல்லை. அவன் போன பிறகுதான் கேட்டு வாங்கி வைத்தாள். அதை ஆட்டுத்தோலில் சுருட்டிக் கட்டினாள்.

"ஓக்கோவிடம் கொடுத்துவிட்டு வருகிறாயா?" என்று கடல்நாயைக் கேட்டாள்.

"அவர் கையில் ஈட்டி இருக்குமே. காட்டு நாய்களைக் கொல்ல வைத்திருக்கிறார்."

"நீ வருகிறாய் என்று கூப்பிட்டுச் சொல்கிறேன். அவருக்குத் தெரிந்துவிடும்."

"என் பெயரையா சொல்வாய்?"

"உன் பெயரைத்தான்."

அது போதும் என்பதுபோல் கடல்நாய் மூட்டையை வாயில் கவ்விக்கொண்டு ஓடையில் இறங்கியது.

ஓக்கோ அப்போது போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆட்டுக் கொட்டிலின் வாசலில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள்தான் காட்டு நாய்கள் வந்து ஒரு குட்டியைத் தூக்கிப் போயிருந்தன. எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஆனாலும் ஈட்டி கையில் இருந்தது.

ஃபென்னா மேட்டின் நுனியில் நின்று, "ஸே!" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கரையில் ஓர் அலை உடைந்தது. சொல் அதில் போயிற்று. அவளுக்கு அது தெரியாது. சின்ன வயதிலிருந்து பழகிய மாதிரி வாயை மூடிக் காத்திருந்தாள். அலை அடங்கியது. "ஹொண்ட்!" என்றாள்.

ஓக்கோவுக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது. நாய்!

பனிக்குள் தண்ணீரோரமாக ஒரு நாய்த்தலை எழுந்தது. அதன் வாயில் ஆட்டுத்தோல். தன் குட்டியைத் தின்ற நாய்தான் அடுத்ததற்கு வந்திருக்கிறது என்று நினைத்தான். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஈட்டியை எறிந்தான்.

கடல்நாய் குரைக்கவில்லை. குரைக்க வாயைத் திறந்தால் மூட்டை விழுந்துவிடும். தோளில் ஈட்டியோடு அப்படியே திரும்பி நீந்தியது.

அது கரையேறியபோது பின்னால் ஓடைநீர் சிவந்திருந்தது. மூட்டையை ஃபென்னாவின் கையில் வைத்தது.

"அவர் வாங்கிக்கொள்ளவில்லை" என்றது.

ஃபென்னா ஈட்டியைப் பிடுங்கினாள். காயத்தில் கம்பளியை வைத்து அழுத்தினாள்.

"நீ கூப்பிட்டாயா?" என்று கடல்நாய் கேட்டது. குற்றம் சொல்கிற தொனி இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது.

"கூப்பிட்டேன். சத்தியமாகக் கூப்பிட்டேன். கடல் போய்ச் சேரவில்லை. நாய் மட்டும் சேர்ந்திருக்கிறது."

"அப்படியானால் அவர் எறிந்தது என்மேல் இல்லை."

ஃபென்னாவுக்கு அழுகை வந்தது. கடல்நாய் ஓடையைப் பார்த்தது. எதிர் மேட்டிலிருந்து ஒரு முனகல் காற்றில் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

"மூட்டையைக் கொடு" என்றது கடல்நாய்.

"இந்தக் காயத்தோடா? வேண்டாம். அவரிடம் இன்னோர் ஈட்டி இருக்கும்."

"இருக்கும். அவர் கேட்கிற மாதிரி கூப்பிடு, போதும்."

அது கிளம்பிவிட்டது. ஃபென்னா மேட்டின் நுனிக்கு ஓடினாள். பனிக்குள் அதன் தலை மறைந்தது. மறுபடி அலை உடையும். மறுபடி காற்று வரும். நடுவில் வாயை மூடினால் அந்த இடைவெளியில் எது வேண்டுமானாலும் புகுந்துவிடும். தொலைந்துபோனது முதல் சொல். அதைத்தான் முழுப் பலத்தோடு அனுப்ப வேண்டும். இரண்டாவது அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு போகட்டும்.

மூச்சை நன்றாக இழுத்தாள். பிறந்ததிலிருந்து யாரும் செய்யக் கூடாது என்று சொன்னதைச் செய்தாள்.

"ஸேஹொண்ட்!"

முன்பாதி இடிபோல விழுந்தது. பின்பாதி அதே மூச்சில் தாழ்ந்து வந்தது. நடுவில் ஒரு மயிரிழை இடம் இல்லை.

ஓக்கோ இரண்டாவது ஈட்டியை ஓங்கியிருந்தான். அவன் காதில் அதுவரை விழாத ஒரு சொல் விழுந்தது. அது கடல் இல்லை, நாயும் இல்லை. இரண்டும் சேர்ந்த ஏதோ ஒன்று. கை தானாகத் தாழ்ந்தது. தண்ணீரோரம் வந்து நின்ற தலையைப் பார்த்தான். அதன் தோளில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தான். அது மூட்டையை அவன் காலடியில் வைத்துவிட்டு அங்கேயே சேற்றில் சாய்ந்தது.

"நீதானா?" என்றான் ஓக்கோ. "முதலில் வந்ததும் நீதானா?"

"காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள்" என்றது கடல்நாய்.

அவன் காய்ச்சிக் குடித்தான். தன் போர்வையை எடுத்துவந்து அதன்மேல் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. நண்பகலுக்கு மேல் ஓதம் ஏறியது. தண்ணீர் வந்து போர்வையின் விளிம்பைத் தூக்கியது. கடல்நாய் மெல்ல நகர்ந்து அதற்குள் இறங்கியது. ஒரு முறை திரும்பி இரண்டு மேடுகளையும் பார்த்தது. பிறகு ஆழமான பக்கமாகப் போய்விட்டது.

அன்று மாலை ஓக்கோ, "ஃபென்னா" என்று சொல்லவில்லை. "ஸேஹொண்ட்!" என்று கத்தினான். அவள் சொன்னது போலவே ஒரே மூச்சில். எதிர்ப்பக்கத்திலிருந்து அவளும் அதையே கத்தினாள். மறுநாளும் கத்தினார்கள். அதற்கு அடுத்த நாளும். கடல்நாய் வரவில்லை.

காய்ச்சல் விட்டதும் ஓக்கோ தன் ஓட்டைப் படகைக் களிமண்ணால் அடைத்து, ஓடையைக் கடந்து அவள் மேட்டுக்கு வந்தான். வரும் வழியெல்லாம் தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்தான். ஃபென்னா அவனைப் பார்த்தாள். குரலை வைத்து உயரமான ஆள் என்று நினைத்திருந்தாள். அவன் குட்டையாக இருந்தான்.

"ஈட்டிகளைக் கடலில் போட்டுவிட்டேன்" என்றான்.

"காட்டு நாய் வந்தால்?"

"கத்துவேன்."

அவள் பால் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

"என் மேட்டில் இடம் இருக்கிறது" என்றான். "நீ அங்கே வந்துவிடலாம்."

"அப்புறம் கடலை யார் பார்ப்பது?"

"நான் இங்கே வரட்டுமா?"

"அப்புறம் நான் கத்துவதை யார் கேட்பது?"

அவன் தலையை ஆட்டினான். படகில் ஏறி, தண்ணீரை இறைத்துக்கொண்டே போனான்.

புதிய சொல்லை உள்நாட்டார் முதலில் ஏற்கவில்லை. ஓக்கோவுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது, சொற்களை மிதித்துச் சேர்க்கிறான் என்றார்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் புயல் வந்தபோது, கிணறுகளுக்குள் உப்புநீர் புகப்போகிறது என்பதைச் சொல்ல ஃபென்னா கடலையும் தண்ணீரையும் சேர்த்து "ஸேவாட்டர்!" என்று கத்தினாள். முன்பாதியில் அதே அழுத்தம். அவ்வளவு காற்றிலும் அது ஓக்கோ வழியாகக் கடைசி வீடு வரை உடையாமல் போய்ச் சேர்ந்தது. பெண்கள் ஓடிப்போய்க் கிணறுகளை மூடினார்கள். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். சில சொற்கள் சரியாகப் பொருந்தவில்லை. ஆட்டுக்கு ஸ்காப், கொட்டிலுக்குக் கோய். இரண்டையும் ஒட்டும்போது நாக்கு தடுக்கியது. சுவரில் கற்களுக்கு நடுவே கொஞ்சம் களிமண்ணை அப்புகிற மாதிரி நடுவில் ஒரு சின்னச் சீறலை வைத்து "ஸ்காப்ஸ்கோய்" என்றார்கள். சொல் உடையாமல் நின்றது.

ஆனால் வாய்க்கு ருசி கண்ட ஜனங்கள் அதோடு விடவில்லை. மீன் பிடிக்கிற ஒரு பருந்து உண்டு, நம் ஊரில் விராலடிப்பான் என்பார்கள். மீனுக்கு விஸ், பருந்துக்கு ஆரென்ட். இரண்டையும் சேர்த்துக் கலந்து, "விஸாரென்ட்" என்று கூப்பிட்டார்கள். நாம் கடலையும் அலையையும் சேர்த்தால் கடலலை என்று ஒன்றாகக் கலந்துவிடுகிறோமே, அது போல.

பருந்து கோபத்தோடு ஃபென்னாவின் கூரையில் வந்து உட்கார்ந்தது. "இது என்ன அநியாயம்? மீனின் வாலை வெட்டி என் தலையில் ஒட்டிவிட்டார்கள். மீனும் முழுசாக இல்லை, நானும் முழுசாக இல்லை!"

ஃபென்னா கம்பளி நூற்பதை நிறுத்தினாள். கடல்நாய் போனதிலிருந்து அவளோடு பேச எந்தப் பிராணியும் வந்ததில்லை.

"நீ சொல்வது சரி" என்றாள். "நான் இடைவெளியைத்தான் எடுத்தேன். ஒன்றைக் கரைத்து இன்னொன்றில் ஊற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். அவரவர் ஒலி அவரவரிடம் இருக்கட்டும்."

"விஸ்" என்று முழுதாக முடித்து, மூச்சை விடாமல் தொண்டையை மட்டும் ஒரு கணம் பூட்டி, "ஆரென்ட்" என்று புதிதாகத் தொடங்கிக் காட்டினாள். பருந்து தன் தலை தன்னிடமும் மீனின் வால் மீனிடமும் இருப்பதைச் சரிபார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. அன்று மாலை அதையும் ஓக்கோவுக்குக் கத்திச் சொன்னாள். அவன் உள்நாட்டுக்குச் சொன்னான்.

ஃபென்னாவும் ஓக்கோவும் கிழவர்களாகும்வரை அந்த இரண்டு மேடுகளிலேயே இருந்தார்கள். ஒரு பனிக்காலத்து மாலையில் ஓக்கோ அவள் பெயரைச் சொன்னான், பதில் வரவில்லை. சில வருஷங்களில் அவன் குரலும் நின்றது. விலங்குகளும் அந்தக் காலத்தில்தான் ஒவ்வொன்றாகப் பேசுவதை விட்டன. மேடுகளைக் கடல் கொண்டுபோயிற்று.

அந்த மூடுபனி நாளுக்குப் பிறகுதான் ஒல்லாந்து மொழியில் சொற்கள் இடைவெளி விடாமல் ஒட்டி நிற்கின்றன. முன்னால் நிற்பது உரக்க ஒலிக்கிறது, பின்னால் நிற்பது இது இன்னது என்று சொல்கிறது, ஒட்டிய இடத்திலும் ஒன்று மற்றொன்றில் கரைவதில்லை. கடல்நாயும் அந்த நாளுக்குப் பிறகுதான் மனிதர்கள் ஏறாத மணல்திட்டாகப் பார்த்துப் படுக்கிறது. கரையில் யாராவது அதன் பெயரைச் சொன்னால் தலையைத் தூக்கி வெகு நேரம் பார்க்கிறது, பக்கத்தில் வருவதில்லை.